கிழக்கு பார்த்த குதிரை

எங்கள் சதுக்கத்தின் நடுவில் இருக்கும் வெண்கலக் குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த வால்தான் காரணம். வீரத்தைக் காட்டுவதற்காகச் சிற்பி அப்படித் தூக்கி வைத்தானாம். பார்க்கிற யாருக்கும் வீரம் தோன்றாது. இதோ, இப்போதே போட்டுவிடப் போகிறது என்றுதான் தோன்றும். எங்கள் தாத்தாக்கள் காலத்திலிருந்து இன்னும் போடவில்லை. இருந்தாலும் அதற்குப் பின்னால் நின்று யாரும் நிம்மதியாக இரண்டு வார்த்தை பேசியது கிடையாது.

குதிரைமேல் ஒரு தளபதி. எந்தப் போரில் யாரை வென்றவர் என்று கேட்டுவிடாதீர்கள். பீடத்தில் பொறித்த பெயர் மழையிலும் புறா எச்சத்திலும் கரைந்துபோய், கடைசியில் ஒரு ‘ன்’ மட்டும் பாக்கி. அவர் ஆண் என்பதற்கு அதுதான் சாட்சி. மீசை புறாக்களின் உபயம் என்று சொல்பவர்கள் உண்டு.

இது தலைநகரத்தின் நட்டநடுச் சதுக்கம். நாட்டில் எதை அறிவிப்பதானாலும் இங்கே வந்துதான் அறிவிப்பார்கள். அறிவித்ததை எதிர்ப்பதானாலும் இங்கே வந்துதான் எதிர்ப்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஒலிபெருக்கிக்காரர். வடக்கே தூண்கள் வைத்த சபைக் கட்டடம். மற்ற மூன்று பக்கமும் கீழே கடை, மேலே வீடு என்று எங்களைப் போன்ற சாதாரண ஜனங்கள்.

சாதாரண ஜனங்கள் என்று நான் சொல்கிறேன். மேற்குப் பக்கத்துக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தளபதியும் குதிரையும் அவர்களைப் பார்த்தபடிதான் நின்றார்கள். ஆகவே அவர்கள் ‘முகத்துக்காரர்கள்’. கிழக்குப் பக்கத்துக்காரர்களுக்குக் கிடைத்தது அந்த வாலும் அதற்குக் கீழே உள்ளதும். அவர்கள் ‘வால்காரர்கள்’. தெற்குப் பக்கம் இருக்கும் எங்களுக்குக் குதிரையின் வயிறு. வயிற்றை வைத்துக்கொண்டு யாரும் பெருமையும் பட முடியாது, வெட்கமும் பட முடியாது. அதனால் இரண்டு பக்கத்து வம்பும் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வந்து சேரும். நான் தேடிப் போவதில்லை. “நீ தேடித்தான் போறே” என்பது என் வீட்டுக்காரரின் கட்சி.

முகத்துக்காரர்களில் முதல்வர் பல் டாக்டர். அவர் கடிதத் தாளில் விலாசமே ‘தளபதியின் திருமுகத்துக்கு நேர் எதிரே’ என்றுதான் இருக்கும். தேசிய நாளன்று மேடையைக் குதிரை முகத்துக்கு முன்னால், அதாவது டாக்டர் வீட்டு வாசலுக்கு முன்னால் போடுவார்கள். தலைவர் பேசும்போது அவர் தலைக்கு மேலே டாக்டரின் பெயர்ப்பலகை தொலைக்காட்சியில் நாடு முழுக்கத் தெரியும்: ‘வலியே தெரியாமல் பிடுங்கப்படும்’. தலைவர் புதிய வரிகளை அறிவித்த வருடம் நாடே அதைப் படித்துச் சிரித்தது. டாக்டர் மட்டும் அதைத் தன் தொழிலுக்குக் கிடைத்த அரசாங்க மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அவர் வீட்டு மாடி ஜன்னலில் எப்போதும் ஒரு பச்சைத் திரை தொங்கும். “கிழக்கு பார்த்த வீடு அக்கா, காலை வெயில் நேரா மூஞ்சில அடிக்குது” என்பார். சூரியன்கூட அவரைத் தேடிக்கொண்டு வருகிறதாம்.

மனைவி போனபின் அவருக்கு எல்லாமே மகள்தான். அந்தப் பெண்ணை நாங்கள் ‘குடை’ என்று கூப்பிடுவோம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சதுக்கத்தைச் சுற்றிக் காட்டும் வேலை. கூட்டம் சிதறாமல் இருக்க மடித்த சிவப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். தளபதி யார் என்று யாருக்கும் தெரியாததால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு கதை சொல்வாள். ஒருநாள் அவர் தம்பியால் கொல்லப்பட்டவர். மறுநாள் தம்பியைக் கொன்றவர். மழை வந்தால் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர், கதை சீக்கிரம் முடிந்துவிடும்.

எதிர்ப்பக்கம், வாலுக்கு நேர் எதிரே, பூட்டம்மாவின் கடை. பூட்டு, சாவி, இரும்புப் பெட்டி ரிப்பேர். புருஷன் இறந்தபோது விட்டுப்போன கடையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவள். வாய்க்கு மட்டும் பூட்டுப் போட மறந்துவிட்டாள் என்பார்கள். கையில் அரத்தை வைத்துக்கொண்டு அவள் பேசினால் எதை ராவுகிறாள் என்று தெரியாது. அவள் மகனுக்கு ‘சாவி’ என்று பெயர் வந்ததில் ஆச்சரியம் இல்லை. நல்ல பையன், குனிந்த தலை நிமிராதவன். பூட்டுத் துவாரத்தைப் பார்த்துப் பார்த்தே வந்த பழக்கம்.

இந்தக் குடை திடீரென்று சாவி தொலைக்க ஆரம்பித்தாள். சிறுவயதிலிருந்து ஒரு பென்சில் தொலைத்தறியாத பெண். வாரத்துக்கொரு தடவை வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். பூட்டம்மா கடையிலிருந்து பையன் கருவிப் பையோடு வருவான். முதல் தடவை கண் இமைக்கும் நேரத்தில் திறந்தான். அடுத்த தடவை கொஞ்சம் தாமதம். போகப்போக அதே பூட்டு அவன் கைக்கு அடங்க மறுத்தது. அவள் குடையைப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள், மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. “பூட்டை மாத்தணும் அக்கா, ரொம்பத் தொந்தரவு பண்ணுது” என்றார் என்னிடம். புதுப் பூட்டையும் அந்தப் பையனே வந்து மாட்டினான். அதற்கு அரைநாள் ஆயிற்று.

கடைசியில் பூட்டம்மா நேராகப் பெண் கேட்கக் கிளம்பினாள். “ஏம்மா, நீயும் வா. நீ வயித்துப் பக்கம். நாளைக்கு நான் அப்படிச் சொல்லல, இப்படிச் சொல்லலன்னு அந்த மனுஷன் புரட்டினா, சாட்சிக்கு ஆள் வேணும்” என்று என்னைக் கூட்டிக்கொண்டாள். அடுப்பில் வைத்ததை அணைத்துவிட்டு ஓடினேன்.

டாக்டர் எங்களை நோயாளிகள் உட்காரும் பெஞ்சில்தான் உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம், வாயில் பஞ்சு வைத்தவர் முகம்போல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

“பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. கை சுத்தமான பையன். ஆனா பாருங்க, என் பொண்ணு பிறந்ததுலேருந்து முகத்துப் பக்கம் வளர்ந்தவ.”

“அதனால?”

“அதனால... வால் பக்கம் குடுக்கிறதுக்கில்ல.”

“எங்க பக்கம் என்ன, வீட்டுக்குக் கூரை இல்லையா, குழாய்ல தண்ணி வரலையா?”

“காலைல எழுந்து ஜன்னலைத் திறந்தா எம்பொண்ணு எதைப் பார்ப்பா, சொல்லுங்க? நீங்களே உங்க வாயால சொல்லுங்க.”

பூட்டம்மா சொன்னாள். அவள் வாயால்தான் சொன்னாள். ஒரே சொல். அதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு எழுந்து நின்று, “இத்தனை வருஷமா அதைப் பார்த்துத்தான் நாங்க சாப்பிடறோம், தூங்கறோம், பிள்ளை வளர்த்தோம். பிள்ளை நல்லாத்தான் வளர்ந்திருக்கான்” என்றாள்.

“கோவிச்சுக்காதீங்க. அந்தக் குதிரை உங்க பக்கம் திரும்பட்டும், நானே உங்க கடைப்படி ஏறி வந்து கேக்கறேன்.”

“கேட்டுக்கிட்டியா?” என்றாள் பூட்டம்மா என்னிடம். நான் கேட்டுக்கொண்டேன். உள்கதவுக்குப் பின்னால் நின்ற குடையும் கேட்டுக்கொண்டாள். அவள் செருப்பு நுனி கதவுக்குக் கீழே தெரிந்தது.

அன்று மாலை அவள் எங்கள் வீட்டுக்கு வந்து அடுப்பங்கரை முக்காலியில் உட்கார்ந்தாள். “அத்தை, அப்பா சரின்னு சொல்லாம நான் போகமாட்டேன். அவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? ஆனா வேற யாரையும் கட்டிக்கவும் மாட்டேன்.”

“அப்ப என்னதான் பண்ணப் போறே?”

“குதிரை திரும்பணும்னு வேண்டிக்கறேன்” என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சிரித்தாள்.

தேசம் பிறந்த பெருவிழாவுக்காகச் சதுக்கத்தைப் புதுப்பிக்க அரசாங்கம் முடிவு செய்தது அந்தச் சமயம்தான். குதிரையைக் கழற்றி, பளபளப்பாக்க எங்கேயோ கொண்டுபோனார்கள். பீடம் மொட்டையாக நின்றது. அந்த நாட்களில் சதுக்கத்துக்கே தலைகால் புரியவில்லை. முகம் எது, வால் எது என்று இல்லாமல் போனதால் முகத்துக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைப்போல நடந்துகொண்டார்கள். டாக்டர் ஒருநாள் பூட்டம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார் என்றுகூடக் கேள்வி. நான் பார்க்கவில்லை, ஊறுகாய் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

குடை மொட்டைப் பீடத்தைக் காட்டி, தளபதி போருக்குப் போயிருக்கிறார் என்று பயணிகளுக்குச் சொன்னாள்.

குதிரை திரும்பி வந்த நாள் சதுக்கமே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது. பளபளப்பில் கீறல் விழக்கூடாது, தலைவர் திறக்கும்வரை யார் கண்ணிலும் படக்கூடாது என்று சிலையை மெத்தை மெத்தையாகச் சுற்றிக் கயிறு கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு முனையிலும் ஒரு மேடு, நடுவில் ஒரு கோபுரம். எது தலை, எது வால் என்று சுற்றிக் கட்டியவர்களைத் தவிர, பெற்ற தாய்க்கும் தெரியாது. கிரேன் அதை ஆகாயத்தில் தூக்கியது. கீழே மேஸ்திரி, வெளியூர்க்காரர், ஒரு படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் குதிரை அழகாக இருந்தது. திசை மட்டும் இல்லை.

“இது எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சுங்க?” என்று பொதுவாகக் கூட்டத்தைக் கேட்டார்.

பதில் சொல்ல எத்தனையோ பேர் இருந்தோம். டாக்டர் விடுவாரா? வெள்ளைக் கோட்டோடு கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

“என்னைக் கேளுங்க, நான் சொல்றேன். அதோ எங்க வீடு. கிழக்கு பார்த்த வீடு. அதுக்கு நேரா வரணும்.”

மேலே கிரேன் உறுமுகிற சத்தம். மேஸ்திரி காதைக் குவித்துக்கொண்டு, “கிழக்கு பார்த்தா?” என்று கத்தினார்.

“கிழக்கு பார்த்ததேதான்!”

“நல்லாத் தெரியுமா சார்? கிழக்கு பார்த்து?”

“பொறந்ததுலேருந்து அங்கேதான்யா இருக்கேன்! கிழக்கு பார்த்தது! எழுதி வெச்சுக்க!”

மேஸ்திரி கையைச் சுழற்றினார். குதிரை ஆகாயத்தில் மெதுவாக அரைவட்டம் அடித்து இறங்கியது. டாக்டர், தானே லாயத்தில் கொண்டுபோய்க் கட்டியவர்போல் கைகளைத் தட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. கிழக்கு பார்த்த வீடு என்றால் அவர் வீடு, அதைத்தான் குதிரை பார்க்கும். எங்களுக்கு அது பழகிப்போன பேச்சு. கிழக்கு பார்த்த வீட்டைப் பார்க்கிற குதிரை மேற்கு பார்த்துத்தான் நிற்கும் என்பது வெளியூர் மேஸ்திரிக்கு எப்படித் தெரியும்?

பெருவிழா நாள் வந்தது. மேடை வழக்கம்போல் டாக்டர் வாசலுக்கு முன்னால், ஆனால் சிலை தலைவருக்குப் பின்னால் தெரியும்படி இந்தத் தடவை திருப்பிப் போட்டிருந்தார்கள். டாக்டர் தன் பலகைக்குப் புது வர்ணம் அடித்திருந்தார். மூன்று பக்கத்து ஜன்னல்களிலும் தலைகள். சபைப் படிகளில் வாத்தியக் கோஷ்டி. தலைவர் தங்கக் குஞ்சம் வைத்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிலைக்கு முதுகைக் காட்டியபடி, எங்களையெல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்ததைப் படித்தார்.

“மக்களே! காலத்தின் தூசி அகன்றது. இதோ, நம் வரலாறு தன் உண்மையான முகத்தை உங்களுக்குக் காட்டுகிறது!”

கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

தங்கம்போல் மின்னியது. தூக்கிய வாலும், அதற்குக் கீழே உள்ளதும், பளபளவென்று, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியபடி, தலைவரின் தலைக்கு நேர் மேலே.

வாத்தியக் கோஷ்டியின் ஊதுகுழல்காரருக்கு மூச்சுப் போய்விட்டது. தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலைவர்கள் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா? தொடர்ந்து படித்தார்.

“இந்தத் திருமுகத்தைப் பாருங்கள்! இதில் தெரியும் உறுதியைப் பாருங்கள்! வருங்காலத் தலைமுறைக்கு இது சொல்ல வருவது என்ன?”

“தள்ளி நில்லுன்னு சொல்லுது!” என்று கிழக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. யார் குரல் என்று நான் சொல்லத் தேவையில்லை. சதுக்கம் வெடித்தது. காவலர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர், இருபது வருடமாகச் சிரித்து நான் பார்த்திராத மனுஷன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்ததும் டாக்டர் மேஸ்திரியின் சட்டையைப் பிடித்துவிட்டார். “எந்த முட்டாள் உனக்குத் திசை சொன்னான்? அவனை எங்கிட்டக் காட்டு!”

மேஸ்திரி நிதானமாகச் சொன்னார்: “நீங்கதான் சார். எழுதிக்கச் சொன்னீங்க, எழுதியும் வெச்சிருக்கேன். கிழக்கு பார்த்ததுன்னு.”

டாக்டர் வாயைத் திறந்தார். அத்தனை பேர் வாயை அகலத் திறக்கச் சொன்னவர், தானே திறந்தபடி மூட மறந்து நின்றார்.

மாற்றி வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் தவறு நடந்தது என்று ஒத்துக்கொள்ள அரசாங்கத்துக்கு என்ன தலையெழுத்தா? மறுநாள் அறிவிப்பு வந்தது. தளபதி இனிமேல் உதயத்தை நோக்கி நிற்பார், இது நீண்ட ஆலோசனைக்குப்பின் எடுத்த முடிவு, அடுத்த தேசிய நாள் முதல் மேடை கிழக்குப் பக்கம். முடிந்தது கதை. டாக்டர் வால்காரர் ஆனார்.

குடை அன்றைக்கே அப்பாவிடம் கேட்டாள். கேட்டதை என்னிடம் வந்து சொன்னாள்.

“அப்பா, குதிரை திரும்பிடுச்சு.”

“தெரியும். எனக்குக் கண்ணு இருக்கு.”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்க.”

“அது பேச்சுக்குச் சொன்னது. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போறது?”

எந்த மூஞ்சி என்பதுதான் இப்போது சிக்கல். எதிர்ப்பக்கமோ, பூட்டம்மா நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “அவர் வரட்டும். படியேறி வந்து கேக்கறேன்னு சொன்னாரா இல்லையா? நீ சாட்சி” என்றாள் என்னிடம். “நான் ஒரு தடவை போயாச்சு. நோயாளி பெஞ்சில உட்கார்ந்தாச்சு. இனிமே எங்களது முகத்து வீடு. நாங்களா போய்க் கேக்கறதுக்கில்ல.”

“அம்மா, உனக்குமா இந்த முகப் பெருமை?” என்றான் பையன். முதல் தடவையாகத் தலை நிமிர்ந்திருந்தான்.

“நீ சும்மா இருடா. உனக்கு எல்லாத்தையும் சீக்கிரம் திறந்துதான் பழக்கம்.”

பாவம், அவனுக்கு மெதுவாகத் திறக்கவும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

எனக்கு நிஜமாகவே கவலை வந்தது வேறொன்றைப் பார்த்துத்தான். குடை சாவி தொலைப்பதை நிறுத்திவிட்டாள். தினமும் மாலை வருவாள், பையைத் திறப்பாள், சாவியை எடுப்பாள், கதவைத் திறந்து உள்ளே போய்விடுவாள். எதிரே பையன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நிற்பான். கதைகளும் வறண்டுபோயின. “இவர் ஒரு தளபதி. இது ஒரு குதிரை” என்று பயணிகளிடம் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒருநாள் முக்காலியில் வந்து உட்கார்ந்து, “அத்தை, கம்பெனில துறைமுக ஊருக்கு ஆள் கேக்கறாங்க. போறேன்னு பேர் குடுத்துட்டேன். அங்கே கலங்கரை விளக்கம்தானாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்குமாம்” என்றாள்.

“அப்பாகிட்ட சொல்லிட்டியா?”

“இன்னைக்குத்தான் சொன்னேன். கேட்டுட்டு எழுந்தாரு. உள்ளே போய் மேல் ஜன்னலைத் திறக்கற சத்தம் கேட்டது.”

ஜன்னலைத் திறக்கிற சத்தமா? அந்த வீட்டு மாடி ஜன்னல் திறந்து நான் பார்த்ததே இல்லை. அவள் போனதும் எட்டிப் பார்த்தேன். பச்சைத் திரையைக் காணோம். ஜன்னல் ‘ஆ’வென்று திறந்திருந்தது. டாக்டர் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு வாலைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் மத்தியானம் அவர் சதுக்கத்தைக் கடந்தார். கோட்டு இல்லாமல் சாதாரணச் சட்டையில். குதிரையைச் சுற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், நேரே பூட்டம்மா கடையை நோக்கி. எனக்கும் வெகுநாளாக அடுக்களை அலமாரிக்கு மாற்றுச் சாவி ஒன்று வெட்ட வேண்டியிருந்தது. அது அந்தக் கணம்தான் ஞாபகம் வந்தது. நான் போய்ச் சேரவும் அவர் படியேறவும் சரியாக இருந்தது.

“வாங்க டாக்டர். வழி தவறிட்டீங்களா?” என்றாள் பூட்டம்மா, அரத்தை நிறுத்தாமல்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். கடையில் மாட்டியிருந்த பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, “சாவி தொலைஞ்சு போச்சு” என்றார்.

“எந்தச் சாவி?”

“வீட்டுச் சாவிதான்.”

சாவி அவர் சட்டைப் பையில், வளையத்தோடு, பாதி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். பூட்டம்மாவும் பார்த்தாள். அவள் உதடு ஒரு தடவை துடித்தது.

“உங்க குடும்பத்துக்கே கையில சாவி நிக்காது போலிருக்கு. பையன் வெளியே போயிருக்கான். கொஞ்சம் இருங்க.”

நிற்கிறவர் எதையாவது பேச வேண்டுமே. டாக்டர் அண்ணாந்து பார்த்தார். கடைக்கு மேலே பூட்டம்மா வீட்டு ஜன்னலில் ஒரு கம்பளிப் போர்வை குறுக்காகத் தொங்கியது, நாலு மூலையிலும் ஆணி அடித்து.

“என்ன, இந்தப் புழுக்கத்துல போர்வை போட்டு மூடியிருக்கீங்க?”

அவ்வளவுதான். பூட்டம்மா அரத்தைக் கீழே போட்டாள்.

“பின்னே என்ன பண்ணச் சொல்றீங்க? அந்தத் தளபதி கண்ணை எடுக்க மாட்டேங்கிறான்! காலைல எழுந்தா பார்க்கறான். தலை சீவினா பார்க்கறான். துணி மாத்தப் போனா, மீசைய முறுக்கிக்கிட்டு, நேரா உள்ளேயே பார்க்கறான்! தேய்ச்சு மெருகேத்தறேன்னு கண்ணு ரெண்டையும் வேற பளிச்சுன்னு ஆக்கி வெச்சிருக்கானுங்க. விடிய விடியத் தூக்கம் இல்ல எனக்கு. வால் பக்கமா இருந்தப்போ ஜன்னல மூடினதே கிடையாது, தெரியுமா? மகராசன் குதிரை, அது பாட்டுக்கு நின்னுது, நாங்க பாட்டுக்கு இருந்தோம்.”

டாக்டர் சிரிக்கவில்லை. மருந்து எழுதிக்கொடுக்கிற குரலில், “போர்வை சரிவராது. உள்ளே விளக்குப் போட்டா நிழல் தெரியும். ரெட்டைத் துணியாப் போடணும், கனமா” என்றார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்டுப் பச்சைத் திரை எதுக்குன்னு நினைச்சீங்க?”

“வெயிலுக்குன்னு...”

“வெயில் காலைல கொஞ்ச நேரம். இந்த ஆளு நாள் முழுக்க. கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி ஒரு வாரம் பொறுத்தா. எட்டாம் நாள் அவளே உட்கார்ந்து தைச்சா. அப்புறம் நாங்க அந்த ஜன்னலைத் திறக்கவே இல்ல.”

பூட்டம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப இத்தனை வருஷமா முகம், முகம்னு...”

“திரைக்கு இந்தப்பக்கம் இருந்துதான்” என்றார் டாக்டர். காது மடல் சிவந்திருந்தது.

எத்தனை வருட வம்பு, கண்ணெதிரே பச்சையாகத் தொங்கியிருக்கிறது, எனக்குத் தெரியாமல் போயிற்றே!

“இப்ப எடுத்துட்டேன்” என்றார் டாக்டர். “நேத்து. நல்லாக் காத்து வருது. வால்தானே... அது யாரையும் பார்க்கறதில்ல.” மறுபடி அண்ணாந்து அந்தப் போர்வையைப் பார்த்தார். “திரையைத் துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். உங்க ஜன்னலுக்கு அளவு சரியா இருக்கும்னு தோணுது. எம்பொண்ணோட சேர்த்து அனுப்பட்டுமா?”

அரம் உருண்டு போய் என் கால் அருகில் நின்றது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. குனிந்தால் பூட்டம்மா முகத்தைப் பார்க்க முடியாது.

அவள் புடவைத் தலைப்பால் கையில் இருந்த இரும்புத் தூளைத் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்தாள். “ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க” என்றாள். “துறைமுக ஊருக்குப் போறதா இருந்தாளே?”

“கலங்கரை விளக்கம் ராத்திரி முழுக்கச் சுத்திச் சுத்திப் பார்க்கும்னு சொல்லிக்கறேன். தளபதி தேவலைன்னு இருந்துடுவா.”

பூட்டம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு உள்ளே இருந்து பையன் வந்தான். வெளியே போயிருக்கிறான் என்றாளே, அதே பையன். அவனும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி, சதுக்கத்தின் குறுக்கே, சிவப்புக் குடை தெரிந்த திசையில் ஓடினான். பயணிகள் கூட்டத்துக்கு நடுவில் குடை சட்டென்று கீழே இறங்கியதைப் பார்த்தேன். அன்றைய கதையில் தளபதிக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும்.

“சரி, அப்ப நான் வரேன்” என்று டாக்டர் கிளம்பினார்.

“எங்கே வரீங்க? சாவி தொலைஞ்சு போச்சுன்னு கடைக்கு வந்துட்டீங்க. திறந்து குடுக்காம அனுப்பினா என் தொழில் என்ன ஆறது?” என்று பூட்டம்மா கருவிப் பையைத் தோளில் மாட்டினாள். “நடங்க.”

“இல்ல... அது வந்து...” டாக்டரின் கை சட்டைப் பைக்குப் போய், பாதியிலேயே திரும்பிவிட்டது. “சரி. வாங்க.”

இருவரும் குதிரையைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனார்கள். நான் சாவி வெட்ட ஆளில்லாத கடைவாசலில் நின்றேன். அங்கிருந்து டாக்டர் வீட்டுக் கதவு நன்றாகத் தெரிந்தது. பூட்டம்மா குனிந்து துவாரத்தில் எதையோ நுழைத்தாள். டாக்டர் பக்கத்தில் நின்று, பல் பார்க்கிற சின்ன விளக்கைப் பிடித்தார், நல்ல மத்தியான வெயிலில்.

அவள் மகன் மாட்டிய பூட்டு. ஒரு நிமிட வேலை என்று ஊருக்கே தெரியும்.

நான் வீட்டுக்குத் திரும்பி, அரிசி களைந்து, உலை வைத்து, ஜன்னலுக்கு வந்து பார்த்தபோதும் அவர்கள் இன்னும் திறந்துகொண்டிருந்தார்கள்.